டிக்கி மேல் ஒரு சிறகு

1989இல் வந்த மாஸ்டா மியாட்டா, 1.6 லிட்டர் இன்ஜின் கொண்ட சாதுவான வண்டி. கூரையை மடக்கிவிட்டு, தலைமுடி பறக்கப் போவதற்கென்றே பிறந்தது. அதன் டிக்கியில், கடையில் தனியாக வாங்கிய ஸ்பாய்லரை மாட்டும் அமெரிக்க அன்பர்களின் நெஞ்சுரம் பெரிது. மாஸ்கிங் டேப் ஒட்டி, பென்சிலால் குறித்து, திரும்பத் திரும்ப அளந்து, பளபளக்கும் பெயின்ட்டின் மேல் டிரில்லை வைத்து அழுத்துவார்கள். சுருள் சுருளாகத் தகரம் உதிரும். ஓட்டை விளிம்பில் பெயின்ட் தடவ மறந்தவருக்குத் துரு தானே வந்து நினைவூட்டும். வாஷர் சரியாக உட்காராவிட்டால் மழைநீர் டிக்கிக்குள் குடியேறும்.

எல்லாம் எதற்கு? பின்சக்கரத்தைக் காற்று அமுக்கிப் பிடிக்கவாம். அந்த அமுக்கமோ வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவது. வேகம் பாதியானால் அது கால் பங்குதான். போர்ஷே பாக்ஸ்டரின் முதல் மாடலிலேயே ஸ்பாய்லர் 120 கிலோமீட்டர் வேகத்தில்தான் தலைதூக்கும். அதுவரை மரியாதையாகப் படுத்திருக்கும். போதாக்குறைக்கு, கூரை திறந்த காரில் காற்று முன்கண்ணாடியைத் தாண்டியதுமே சுழன்று குழம்பிவிடுகிறது. ஸ்பாய்லருக்கு வந்து சேர்வது, ஓட்டுபவரின் தலையைக் கலைத்தது போக மிச்சம்.

ஒரு வேலையை மட்டும் அது ஒழுங்காகச் செய்கிறது. பின்னால் வரும் போலீஸ் காரைக் கண்ணாடியில் தெரியாமல் மறைக்கும் உயரத்தில் கச்சிதமாக நிற்கிறது.