தேடுசொல் அண்ணாச்சி

கூடங்குளம் கடைவீதியில் ஜெராக்ஸ் கடையென்று ஒன்று இருந்தால், அங்கே அண்ணாச்சி ஒருவரும் இருப்பார். கடை அவருடையதன்று, உத்தியோகமும் அவருக்கு அங்கே இல்லை. எனினும் முனைவர் பட்டத்துக்குப் பதிந்துவிட்டு அபிஷேகப்பட்டிப் பல்கலைக்கழகத்துக்கும் வீட்டுக்குமாக அலைகின்ற பிள்ளைகள், ஆராய்ச்சிக் கட்டுரைக் களஞ்சியங்களில் எந்தச் சொல்லை இட்டுத் தேடுவதென்ற பிரச்னை எழுந்த மாத்திரத்தில் அவர் சந்நிதியில்தான் வந்து நிற்பார்கள்.

வருகிறவன் அநேகமாக, ‘கூடங்குளம் அணுமின் நிலையத்தால் எங்கள் கடலில் சாளை மீன் குறைந்ததற்குக் காரணம் என்ன’ என்பதைக் கலெக்டருக்கு மனுப் போடுகிற பாவனையில் ஆங்கிலத்தில் முழுவாக்கியமாகத் தட்டிவிட்டு, உருப்படியாக ஒன்றும் அகப்படாத விசனத்தில் இருப்பான்.

“ஏலே, உன் சங்கடத்த அதுகிட்ட ஏன் சொல்லுத? கட்டுரை எழுதுனவன் என்ன வார்த்த போட்டிருப்பான்னு யோசி. அவனுக்குச் சாளைய தெரியுமா? ‘சார்டினெல்லா லாஞ்ஜிசெப்ஸ்’னு போடு. கொறஞ்சுதுன்னு நீயே தீர்ப்பு எழுதிட்டுத் தேடுனா, கொறயலன்னு சொல்லுதவன் எப்படி வருவான்?”

நிலையத்திலிருந்து கடலுக்குத் திரும்பும் வெந்நீரை ஒருவர் ‘தெர்மல் டிஸ்சார்ஜ்’ என்பார், மற்றொருவர் ‘தெர்மல் எஃப்ளுயன்ட்’ என்பார். இவற்றை எது வந்தாலும் சரியென்று ‘ஆர்’ போட்டு அடைப்புக்குறிக்குள் அடக்கி, மீனின் பெயரைக் கட்டாயம் வரவேண்டுமென்று ‘ஆண்ட்’ போட்டு வெளியே நிறுத்துவது அண்ணாச்சியின் சம்பிரதாயம். சோம்பேறித்தனமாக ‘தெர்ம்’ என்று வெட்டி நட்சத்திரக் குறி இட்டால் தெர்மாமீட்டர் உட்பட அழையா விருந்தாளிகள் அனைவரும் வருவார்கள் என்று எச்சரிப்பார். ஊர்ப் பெயரில் ‘கே’க்குப் பின் ‘யு’ போடுவோரும் உண்டு, இரட்டை ‘ஓ’ போடுவோரும் உண்டு. அவருக்கு இரண்டும் வேண்டும். உலையின் ரஷ்ய வகையையோ பெரும்பாலோர் இரண்டு ‘வி’ போட்டு எழுத, வியன்னாவிலுள்ள சர்வதேச அணுசக்தி முகமை 1970 முதல் நடத்திவரும் ‘ஐனிஸ்’ களஞ்சியம் இரண்டு ‘டபிள்யூ’ போட்டு வைத்திருக்கிறது; இந்த ரகசியத்தை வெளியிடும்போது அவர் முகத்தில் தோன்றும் தேஜஸைக் காணக் கண் கோடி வேண்டும்.

‘நாட்’ என்ற பிரயோகத்தில் மட்டும் அவருக்குப் பயம். போராட்டச் செய்தியே வந்து குவிகிறதென்று ஒருவன் ‘போராட்டம்’ என்ற சொல்லை அதைக் கொண்டு விலக்கப் போக, முன்னுரையில் அணுமின் நிலையத்துக்கு எதிரான 2011-ஆம் ஆண்டு இடிந்தகரைப் போராட்டத்தை ஒரே வரியில் தொட்டுச் சென்ற உத்தமமான மீனியல் கட்டுரையும் கூடவே போய்விடும் என்று கையைப் பிடித்துத் தடுத்தார். வருஷத்தை வரையறுக்கச் சொன்னதும் அவரே: முதல் உலை இயங்கத் தொடங்கியது 2013 ஜூலையில், அதற்கு முந்திய கட்டுரையில் இவ்வுலையின் வெந்நீரைப் பற்றி இருப்பது கணிப்பு, அளவீடு அன்று. இவ்விஷயத்தில் பேராசிரியர் சிலரைக் காட்டிலும் அண்ணாச்சி மேல் என்பது என் அபிப்பிராயம்.

மகளுக்கு வரன் பார்க்க வந்த தரகரிடம், ‘பி.இ. ஆர் எம்.எஸ்ஸி.’ என்பதை அடைப்புக்குறிக்குள் போட்டு, ‘ஆண்ட்’ சேர்த்து, வள்ளியூரையும் ராதாபுரத்தையும் இன்னோர் அடைப்புக்குறிக்குள் எழுதிக் கொடுத்தார். தரகர் அப்புறம் அந்தத் தெருப்பக்கமே வரவில்லை.

தேடியது கிடைத்துவிட்டால் அவருக்கு அதில் சிரத்தை போய்விடும். “சாளை கொறஞ்சுதா இல்லியா அண்ணாச்சி, என்ன எழுதியிருக்கான்?” என்று சாளையைத் தேடி வந்த பிள்ளை ஒருவன் ஆவலோடு கேட்டான். அண்ணாச்சியின் பார்வை சுருக்கவுரையைத் தாண்டி, அதன் கீழே ஆசிரியர் கொடுத்திருந்த ஐந்து தேடுசொற்களில் போய் நின்றது.

“என்னத்த எழுதுனான்? தலைப்புல இருக்க வார்த்தயவே இங்கயும் போட்டு, அஞ்சுல மூணு எடத்தப் பாழாக்கிட்டான்.”