சித்தப்பா ஆடு தேடுகிறார்

குடும்பத்தோடு விளையாட ஒரு வியூக கேம் வேண்டுமாம். நமக்குள் வெட்டுக்குத்து கூடாதாம், எல்லோரும் ஒரே அணியாம். எட்டுப் பேர் வரை ஆடலாம் என்பதால் 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2' தேர்வானது. 1999-இல் வந்த பழசு, மாமாவுக்குப் பழக்கம். 2022-இல் திராவிடர்களும் ராஜேந்திர சோழனும் சேர்ந்துவிட்டதால் தாத்தாவின் ஆசியும் உண்டு.

கடாரத்தைக்கூட வென்றுவிடலாம், குடும்பத்தைக் கட்டி மேய்ப்பதுதான் கஷ்டம். எதிரி கோட்டைவாசலில் நிற்கும்போதும் சித்தப்பா ஆடு தேடிக்கொண்டிருப்பார். அண்ணி வாய் திறக்காமல் மரம் வெட்டிப் படை திரட்டுவார். ஜெயித்தால் பெயர் மாமாவுக்கு. அத்தையிடம் தங்கம் கேட்டால், கல்யாணச் சீர் பாக்கி வரை கணக்கு நீளும். அவரிடம் நியாயமும் இருக்கிறது: கூட்டாளிக்குப் பொருள் அனுப்பச் சந்தை வேண்டும், ஆரம்பத்தில் 30 சதவீதம் கட்டணமும் போகும்.

இந்த கேமை வாங்குகிறவர்கள் முதலில் சந்தையைக் கட்டிவிடுங்கள். அத்தைக்கு ஒரு சாக்காவது குறையும்.