சும்மா போறேன்னு மட்டும் சொல்லிப்போடாத

போறதுன்னு தீர்மானம் பண்ணீட்ட. நல்லது கண்ணு, போயிட்டு வா. பவானிசாகர்ல கெளம்பி, கீழ்பவானி வாய்க்கா மேட்டோட வந்து, கரூர்ப் பக்கம் எறங்கி, அங்கிருந்து காவேரிக் கரையப் புடிச்சுப் பூம்புகார் வரைக்கும் ஒண்டியாச் சைக்கிள் மிதிக்கறதுன்னா லேசுப்பட்ட காரியமா? நம்ம மாப்பிள்ளை, உங்கப்பா, பால் சொசைட்டிக்கே காரெடுக்கறவரு. அவரு பெத்த புள்ளைக்கு இப்படியொரு ரோசம் வந்ததே பெருசு. நான் தடுக்க மாட்டேன். தடுத்தா நீ நிக்கவா போறே?

ஆனா ஒண்ணு கேக்கோணும். வழியில டீக்கடைல நிக்கறே. பெஞ்சுல நாலு பேரு. "எந்தூருங்க தம்பி?" சொல்லீருவே. "எங்க போறீங்க?" அதையும் சொல்லீருவே. "என்ன சோலியாப் போறீங்க?" இதுக்கு என்ன பதில் வெச்சிருக்கறே?

சும்மாதானுங்கன்னு மட்டும் சொல்லிப்போடாத சாமி.

பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடியில தீர்த்தம் எடுத்துக்கிட்டுப் பழனிக்கு நடக்கறாங்களே, அவங்களை ஆராச்சும் நிறுத்தி ஏன் போறீங்கன்னு கேட்டிருக்கறாங்களா? மோரு குடுத்து அனுப்பறாங்க. அந்தியூர் குருநாதசாமி நோம்பிக்கு மாடு புடிக்கப் போறேன்னா அதுவும் ஞாயம். பொண்ணு பாக்கப் போறேன்னா, பக்கத்தூருல ஒரு பொண்ணு இருக்குதுன்னு அவங்களே தாக்கல் சொல்லுவாங்க. எந்தச் சோலியும் இல்லாம 300 கிலோமீட்டருக்கு மேல ஒருத்தன் வேர்த்து ஊத்திக்கிட்டு வந்தான்னா, ஊட்டுல சண்டை போட்டு ஓடியாந்தவனா இருக்கோணும், பரீச்சையில போனவனா இருக்கோணும், இல்லீன்னா ஒரு பொண்ணு வேண்டாம்னு சொன்னவனா இருக்கோணும். மூணும் இல்லீங்கன்னு நீ கற்பூரம் அடிச்சுச் சத்தியம் பண்ணுனீன்னா, நாலாவதா ஒண்ணு இருக்குது. அதுதான் மோசம். அளக்க வந்தவன்.

தலையில அந்தத் தொப்பி, கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஹேண்டில்பார்ல மினுக்குற ஜிபிஎஸ் டப்பா. நீ நின்னு நின்னு டப்பாவையும் பாக்கறே, தோட்டத்தையும் பாக்கறே. உயர்மின் கோபுரத்துக்கும் எரிவாயுக் குழாய்க்கும் நெலத்தை அளக்க வந்தவங்களை மறிச்சுப் போராடுன சனம் இது. உன்னைப் பார்த்ததும் தோட்டத்துக்காரர் வேலியோரம் வந்து நின்னு, "சாருக்கு எந்த டிப்பார்ட்மெண்ட்டுங்க?"ம்பாரு. ரொம்ப மரியாதையாத்தான் கேப்பாரு. அந்த மரியாதை வந்துச்சுன்னாலே உசாராகிக்கோணும். டப்பாவைக் கழட்டிப் பையில போட்டுட்டு, "தண்ணி கெடைக்குமுங்களா?"ன்னு கேட்டுரு. அளக்க வந்த எவனும் தண்ணி கேட்டுக் குடிச்சதில்லை.

அடுத்தது வாய்க்கா. வாய்க்கா மேட்டுல ஏத்தமே இல்லீன்னு துள்ளிக்கிட்டு இருக்கறே. வாஸ்தவம்தான். தண்ணி மேடேறாது, அதனால வாய்க்கா வெட்டறவன் மேட்டைச் சுத்திச் சுத்தி, ஒரே மட்டத்துல, துளித் துளியா எறக்கிக் கொண்டு போவான். கீழ்பவானி வாய்க்கா 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கரை நனைக்கறது அந்தக் கணக்குலதான். உன்ற காலுக்குச் சொகம், தூரத்துக்குக் கேடு. அந்தா தெரியுதே கோயில் கோபுரம்னு மிதிப்பே, கரை திரும்பிக்கும், அரை மணி நேரங்கழிச்சு அதே கோபுரம் அந்தப் பக்கத்துல நிக்கும். கீழ நம்ம காலிங்கராயன் வாய்க்கா இன்னும் பழசு, 13ஆம் நூற்றாண்டுல வெட்டுனது. அதுக்குப் பாம்பு ஊர்ந்து வழி காட்டுச்சுன்னு சொல்லுவாங்க. பாம்பு காட்டுன வழி 90 கிலோமீட்டர் வளைஞ்சு போய் நொய்யல்ல விழுகுது. வாய்க்காலை வெட்டுன காலிங்கராயன் தன்ற சொந்த லாவத்துக்கு வெட்டுனான்னு ஒரு பேச்சு வந்துச்சாம். இந்தத் தண்ணியை என்ற வம்சம் தொடாதுன்னு போட்டுட்டு அந்த மனுசன் ஊரை விட்டே போயிட்டாராம். நீ கரையில நின்னு ஒரு செல்பி எடுத்துப்போட்டு 200 பேரு லைக் போட்டாங்களான்னு பாப்பே.

கீழ்பவானிக் கரையில பேச்சுக் குடுக்கறப்போ நாக்கைச் சுருட்டி வெச்சுக்கோ. வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடோணும்னு ஒரு கட்சி, போட்டா கெணறெல்லாம் வத்திப்போகும்னு இன்னொரு கட்சி. ரெண்டு கட்சியும் ஒரே பெஞ்சுல உக்காந்து டீ குடிப்பாங்க. "படிச்ச புள்ளை நீங்க, ஞாயத்தைச் சொல்லுங்க"ன்னு உன்னை நடுவுல இழுப்பாங்க. உன்ற படிப்பு அன்னைக்கு உனக்கு ஞாபகத்துக்கு வரக்கூடாது. வழி கேக்கோணும்னா லஸ்கரைக் கேளு. கம்பியும் கையுமா மதகு மதகா நடக்கறவன் அவன். எந்த எடத்துல கரை உள்வாங்கியிருக்குது, எங்க சீமைக்கருவேலான் வெட்டிப் போட்டிருக்கறாங்கன்னு உன்ற செல்போனுக்குத் தெரியாததெல்லாம் அவனுக்குத் தெரியும்.

வெடியறதுக்கு முந்தியே பவானிசாகர்ல கெளம்பறதுன்னு பிளான் போட்டிருக்கறியாமா. அணைக்குத் தண்ணி குடிக்க வர்ற ஆனைக்கு உன்ற பிளானை ஆரு சொல்லுறது? 2013ல புலிகள் காப்பகம்னு அறிவிச்ச காடு அந்தச் சத்தியமங்கலத்துக் காடு. நல்லா வெளிச்சம் வந்த பொறகு மிதி. வீரம் எல்லாம் பெருந்துறை தாண்டி வெச்சுக்கலாம்.

இந்தப் பல்லு வெளக்கற பிரஷ்ஷைப் பாதியா அறுத்து வெச்சிருக்கறியே, பொடக்காலியில நின்னு நானும் பார்த்தேன். கனம் கொறையோணுமாமா. அன்னைக்குப் பொழுதோட ஒப்பிட்டு தின்னயே, அதை எந்தத் தராசுல போட்டே? புதுக்கோட்டைச் சீமையில 1990களோட தொடக்கத்துல அறிவொளி இயக்கத்துல ஆயிரக்கணக்கான பொம்பளைக சைக்கிள் கத்துக்கிட்டாங்க. முன்னால புள்ளை, பின்னால தண்ணிக்கொடம். ஒருத்தியும் பிரஷ்ஷை அறுக்கலை. வாயில புழிஞ்சுக்கற ஜெல்லு வேற வாங்கி வெச்சிருக்கறே. சாந்துப்பொட்டு டப்பான்னு நெனச்சு உங்க அமுச்சி எடுத்து மோந்து பார்த்துட்டு வெச்சுட்டா. கடலை உருண்டை பத்துக் கட்டிக்க. கம்பங்கூழு கண்ட எடத்துல நின்னு, சின்ன வெங்காயத்தைக் கடிச்சுக்கிட்டு ஒரு சொம்பு குடி. உப்பும் தண்ணியும் சேர்ந்து போகும். வெறும் தண்ணியே குடிச்சுக்கிட்டு இருந்தா வேர்வையில போன உப்பை ஆரு தருவாங்க?

இப்போ அந்தச் சைக்கிளுக்கு வருவோம். மொதல்ல அது என்ன வெலைன்னு கேப்பாங்க. என்கிட்டச் சொன்ன வெலையை அங்க சொல்லாத. அதுல ஒரு கறவை மாடு வாங்கலாம், கன்னுக்குட்டியோட வாங்கலாம். "சித்தப்பா பையனோடதுங்க, பழசு"ன்னு சொல்லு. செயினைக் கையில தொட்டுப் பாப்பாங்க, கியரை மாத்தி மாத்திப் பாப்பாங்க, ஒரு பையன் ஏறி உக்காந்தே பாப்பான். உடு. கோபப்பட்டீன்னா சைக்கிள் உன்றதுன்னு தெரிஞ்சு போகும்.

வெலையை விட முக்கியம் அதோட வால்வு. பிரெஸ்டா வால்வுன்னு சொன்னே. மெலிசா, நுனியில ஒரு குட்டித் திருகோட இருக்குது. நம்ம ஊர்ச் சைக்கிள் கடையில அந்தக் காலத்துல இருந்து இருக்கறது வால்வு டியூப்பு மாட்டற வால்வு. அந்தப் பம்பு உன்ற வால்வைக் கவ்வாது. பெட்ரோல் பங்க்குல காத்தடிக்கற குழாய் பைக்கு, காரு வால்வுக்கு. அதுவும் கவ்வாது. சுண்டுவெரல் நகத்தளவுக்குப் பித்தளையில ஒரு அடாப்டர் கெடைக்கும். அதைத் திருகி மாட்டுனா பங்க்குலயே காத்தடிச்சுக்கலாம். சில்லறைக் காசுச் சாமான். நீ வாங்கி வெச்சிருக்கற பட்டியல்ல டார்ச்சு மூணு இருக்குது, அது இல்லை. கையில பம்பு இருக்குதுன்னு சொல்லுவே. பம்பு ஒடையற வரைக்கும் பம்பு இருக்கும். டியூப்பு ரெண்டு எச்சா எடுத்துக்கோ, உன்ற சக்கரத்து அளவுக்கு வழியில எந்தக் கடையிலயும் கெடைக்காது. பஞ்சர் ஒட்டத் தெரியுமா? யூடியூப்ல பார்த்திருக்கறேன்னியே, அது நீச்சலையும் யூடியூப்ல கத்துக்கிட்டு கெணத்துல குதிக்கறாப்பலதான். இன்னைக்கே திண்ணையில உக்காந்து டியூப்பைக் கழட்டு, தண்ணியில முக்கி முட்டை வர்ற எடத்தைப் பாரு, உப்புத்தாள்ல தேச்சுச் சொல்யூசன் பூசு. பூசுன ஒடனே ஒட்டாத, துளி காயட்டும். ஒட்டறதுக்கு முந்தி டயரு உள்பக்கம் வெரலால தடவிப் பாரு. குத்துன முள்ளு அங்கயே இருக்கும். முள்ளை எடுக்காம டியூப்பை ஒட்டி மாட்டறவன் ஒரே எடத்துல ரெண்டு தடவை உக்காருவான்.

உக்காரறதுன்னதும் ஞாபகம் வருது. அந்த மெத்தை வெச்ச டவுசரு. அதுக்குள்ற ஜட்டி போடக்கூடாதுன்னு உனக்குத் தெரியுமா தெரியாதா? தையல் ஒரசித்தான் தொடை இடுக்கு புண்ணாகறது. தெனமும் பொழுதோட அலசிக் காயப்போடு, தேங்காயெண்ணெய் தடவிக்கோ. டீக்கடைக்குப் போறப்போ மேல ஒரு வேட்டியைச் சுத்திக்கிட்டுப் போ. நம்ம பொம்பளைக சிரிச்சா ஊரு பூராத்துக்கும் கேக்கும்.

காத்தைப் பத்தி நீ ஒண்ணுமே கேக்கலை, அதனால நானே சொல்றேன். வாய்க்காலுல ஆகஸ்ட் 15க்குத் தண்ணி உடறது வழக்கம். அப்போ போ. கரையும் குளுகுளுன்னு இருக்கும், பாலக்காட்டுக் கணவாயில பூந்து வர்ற மேல்காத்து முதுகுல கை வெச்சுத் தள்ளும். மேற்கால இருந்து கெழக்க போறதுக்கு அதை விடத் தோதான காலம் இல்லை. ஐப்பசிக்குத் தள்ளிப்போட்டீன்னா காத்தும் திரும்பிக்கும், மழையும் புடிச்சுக்கும். தஞ்சாவூர்ச் சீமைக் களிமண்ணு சக்கரத்துக்கும் மக்கார்டுக்கும் நடுவுல அடைச்சுக்கிச்சுன்னா சைக்கிளைத் தோள்ல தூக்கிக்கிட்டுத்தான் போகோணும். நல்ல காலத்துல போனாலும் கும்பகோணம் தாண்டி மத்தியானத்துக்கு மேல கடக்காத்து மூஞ்சியில அடிக்க ஆரம்பிச்சுரும். அங்க வெடியாலயே மிதிச்சு முடிச்சுப்போட்டு, சாப்பிட்டுப் படுத்துக்கோ. படுக்கறதுக்கு உனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நாய் தொரத்துனா மிதிக்காத. மிதிச்சா அதுக்கு வெளையாட்டு. எறங்கி, சைக்கிளை நடுவுல வெச்சுக்கிட்டு மெதுவா நட. ஓடாதவனைத் தொரத்தறதுக்கு நாய்க்கு நேரமில்லை.

முக்கொம்புல மேலணை, 1836ல காட்டன் தொரை ஆரம்பிச்சுக் கட்டுனது. 2018 வெள்ளத்துல கொள்ளிடத்துப் பக்கம் 9 மதகு போச்சு, இப்போ புதுசாக் கட்டீட்டாங்க. பார்த்துட்டு நகந்துரு. கல்லணையிலதான் உனக்குச் சோதனை. அங்க காவேரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு நாலாப் பிரியுது. எல்லாத்துலயும் தண்ணி, எல்லாத்துக்கும் கரை. அவசரத்துல கால்வாய்க் கரையைப் புடிச்சீன்னா பட்டுக்கோட்டைப் பக்கம் போய் நிப்பே. அதைத் தாண்டி சரியாக் காவேரியைப் புடிச்சாலும், குடமுருட்டின்னு ஒண்ணு பிரியும், அரசலாறுன்னு ஒண்ணு பிரியும். அரசலாத்தோட போனா காரைக்கால். காரைக்காலுக்கு வழி தவறிப் போனோம்னு சொல்றவங்களை எனக்குத் தெரியும். அங்க சரக்கு வெலை கம்மி.

ராத்திரி தங்கறதுக்கு டெண்டு எடுத்துக்கிட்டுப் போறே. ஆத்தங்கரையில டெண்டு அடிச்சா மணல் திருடறவனும் வருவான், அவனைப் புடிக்கறவனும் வருவான். ரெண்டு பேருக்கும் நீ இன்னொரு ஆளு. இங்கத்திய பக்கமுன்னா பொழுதுக்கு முந்தியே ஒரு தோட்டத்துச் சாளையில போய் நின்னு, வயசானவங்க இருந்தா அவங்களைக் கேளு. உன்ற ஊரு, உங்கப்பாரு பேரு, எல்லாம் வெசாரிச்சு, எப்படியோ சுத்தி வளைச்சு ஒரு சொந்தம் கண்டுபுடிச்சு, கயித்துக் கட்டலைப் போட்டுருவாங்க. கெழக்க போனா கோயில் மண்டபம் இருக்குது, கேட்டுட்டுப் படு. ஒண்ணு மட்டும் வெளையாட்டில்லை கண்ணு. தெரியாத ஊருல கொழந்தைகளுக்கு முட்டாய் குடுக்காத, கூப்புட்டு போட்டோ எடுக்காத. 2018ல வாட்ஸப்புல வந்த புள்ளை புடிக்கறவன் புரளிய நம்பி, ஒரு பாவமும் அறியாதவங்களை நம்ம நாட்டுலயே அடிச்சுக் கொன்னுபோட்டாங்க.

செரி, அந்த டீக்கடைக்காரன் கேக்கற கேள்விக்கு ஒரு பதில் வேணுமல்ல? நானும் உங்க அமுச்சியும் யோசிச்சு வெச்சிருக்கறோம். கும்பகோணத்துல இருந்து கொஞ்சம் தெக்க ஒதுங்குனா நாச்சியார்கோயில். குத்துவெளக்குக்குப் பேர் போன ஊரு. அங்க போய், தலையில அன்னம் வெச்சது, ரெண்டடிக்குக் கொறையாம ஒண்ணு வாங்கீட்டு வா. ஆரு கேட்டாலும், "எங்க அமுச்சிக்கு வெளக்கு வாங்கப் போறேனுங்க"ன்னு சொல்லு. எந்தூருலயும் ஒருத்தன் அதுக்கு மேல கேக்க மாட்டான். வாங்கறப்போ வெரலால சுண்டிப் பாரு, ஊத்துன பித்தளையா தகடான்னு சத்தத்துலயே தெரியும். கனம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். ஆனா கழட்டிக்கலாம்: அடித்தட்டு எடது பையில, தண்டும் அகலும் வலது பையில, அன்னத்தைத் துண்டுல சுத்தி முன்னால கட்டிக்கோ. பூம்புகார் பார்த்துட்டு மயிலாடுதுறையில ரயிலேறி ஈரோட்டுல எறங்கு. சைக்கிளைப் பார்சல்ல போட்டாலும் போடு, வெளக்கு உன்ற மடியில இருக்கோணும்.

காசு இப்போதைக்கு நீ போட்டுக்கோ. வந்த பொறகு பார்த்துக்கலாம்.