எதற்கும் இருக்கட்டும்: முதுகுப்பையின் எடை குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

கட்டற்ற மென்பொருளில் பற்று, மின்னணுக் கருவிகளில் மோகம், மலையேறுவதில் ஆசை ஆகிய மூன்றும் ஒரே ஆளைப் பிடித்தால் அவர் தோளில் தொங்கும் பை ஏன் அவ்வளவு கனக்கிறது? தண்ணீராலும் போர்வையாலும் என்று இதுவரை நம்பப்பட்டு வந்தது. அது மேலோட்டமான பார்வை. கனத்தின் உண்மையான மூலம் வேறு என்பதை இக்கட்டுரை நிறுவும்.

1. ஆய்வுக்குரிய இனம்

இவ்வினத்தைக் களத்தில் அடையாளம் காண்பது எளிது. கோவையை அடுத்த பூண்டியில், வெள்ளியங்கிரி ஏறக் காத்திருக்கும் கூட்டத்தைப் பாருங்கள். மூங்கில் தடி வாங்கும்போது உறுதியைச் சோதிக்காமல் எடையைச் சோதிப்பவர் இவ்வினத்தைச் சேர்ந்தவர். பையின் ஜிப்பில் லினக்ஸின் சின்னமான பென்குயின் பொம்மை தொங்கினால் ஐயமே வேண்டாம்.

இவர் பயணத்துக்கான பொருட்பட்டியலைக் கிட்டில் வைத்திருப்பார். லினக்ஸ் கருநிரலின் மூலநிரலைப் பராமரிக்க 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருவி அது. கையுறையைப் பட்டியலில் சேர்த்த காரணத்தையும் பிறகு நீக்கிய காரணத்தையும் பதிந்துவைக்க அவர் அதை எழுதியதாகத் தெரியவில்லை. ஆனாலும் அப்படியொரு பயனும் அதற்கு வாய்த்துவிட்டது.

எடை பற்றி இவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. உணவு, தண்ணீர், எரிபொருள் நீங்கலாகப் பையில் இருப்பதே அடிப்படை எடை என்பார். அது 10 பவுண்டுக்குள், அதாவது சுமார் நாலரைக் கிலோவுக்குள் இருந்தால்தான் ‘அல்ட்ராலைட்’ என்பார். அந்த மரபைப் பரப்பிய அமெரிக்கர் ரே ஜார்டினின் பெயரைக் குலதெய்வத்தின் பெயரைப்போல் சொல்வார். சமையலறைத் தராசில் பல்துலக்கியை நிறுத்து, காம்பில் பாதியை அறுத்துச் சில கிராம் மிச்சப்படுத்துவார். பிறகு அதே பையில் ஏறத்தாழ 400 கிராம் எடையுள்ள 20,000 மில்லி ஆம்பியர் மணி பவர் பேங்க் ஒன்றை வைப்பார். பக்கத்தில் இன்னொன்றையும் வைப்பார். இந்த முரண்பாடுதான் நம் ஆய்வின் தோற்றுவாய்.

2. முன்னோர் கொள்கைகளும் அவற்றின் குறைகளும்

இத்துறையின் மூத்த ஆய்வாளர்கள் அம்மாக்கள். “இத்தனை ஒயர் எதுக்குடா?” என்ற அவர்களின் வினா நெடுங்காலமாக வசையாகவே கொள்ளப்பட்டது. உண்மையில் அது சரியான ஆய்வு வினா. விடை கிடைக்காமல் போனதற்கு, விடை சொல்ல வேண்டியவர் அதற்குள் படியிறங்கிவிட்டதே காரணம்.

இரண்டாவது கொள்கை நண்பர்களுடையது. எல்லாம் ‘சீன் போட’ என்பார்கள். இது பொருந்தாது. காட்டுவதற்கான பொருள் பையின் மேலே இருக்க வேண்டும். நாம் பேசும் பொருள்களோ அடியில், ஜிப் வைத்த சிறுபைக்குள், அதனுள் இன்னொரு சிறுபைக்குள் கிடக்கின்றன.

மூன்றாவது, சம்பந்தப்பட்டவரே தரும் விளக்கம்: “மலையில எப்ப என்ன நடக்கும்னு சொல்ல முடியாது. எதற்கும் இருக்கட்டும்.” மலையில் நடக்கக்கூடியவை மழை, சுளுக்கு, வழி தவறுதல், அட்டைக்கடி. இவற்றில் எதற்கும் மருந்தாகாத ஒரு பென்டிரைவ் அவரிடம் இருக்கிறது. யாருடைய கணினியாவது எழ மறுத்தால் லினக்ஸை அதிலிருந்தே இயக்கி மீட்டுவிடலாம். வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் அப்படி எழ மறுக்கும் கணினி எது என்று கேட்டால், அதே விடைதான் மறுபடியும் வரும்.

3. சார்பு விதி

பைக்குள் எந்தப் பொருளும் தனியாக நுழைவதில்லை, சுற்றத்தோடு நுழைகிறது. இந்த உண்மைக்கு முறையான இலக்கணம் வகுத்தது டெபியன். இயான் மர்டாக் 1993 ஆகஸ்டில் தொடங்கிவைத்த இந்த லினக்ஸ் வழங்கலில் மென்பொருள்களைப் பொதி பொதியாகக் கட்டி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்கள். இது இயங்க எது கட்டாயம், எது இருந்தால் நல்லது, எது இருந்தாலும் இருக்கலாம், எதனோடு இது ஒத்துப்போகாது என்பதெல்லாம் அதில் இருக்கும். நிறுவும் கருவியான ‘ஆப்ட்’ கட்டாயமானவற்றை மட்டும் கொண்டுவந்து நிறுத்திக்கொள்ளாது. நாம் தடுக்காவிட்டால், இருந்தால் நல்லது என்ற பட்டியலையும் சேர்த்தே இழுத்துவரும்.

இவ்விலக்கணத்தை ஒரு சின்னஞ்சிறு கேமராவுக்குப் பொருத்திப் பார்ப்போம். கேமராவுக்குக் கட்டாயம் பேட்டரியும் மெமரி கார்டும். பேட்டரிக்குக் கட்டாயம் அதற்கே உரிய சார்ஜர். சார்ஜருக்குக் கட்டாயம் மைக்ரோ யூஎஸ்பி கேபிள். கேபிளுக்குக் கட்டாயம் அடாப்டர். இருந்தால் நல்லது: இரண்டாம் பேட்டரி, கார்டு ரீடர். இருந்தாலும் இருக்கலாம்: குட்டி முக்காலி. கல்யாணத்துக்கு ஒருவரை அழைத்தால் வேன் பிடித்து வந்து இறங்குவதைப்போல, உள்ளங்கைக்குள் அடங்கும் கேமரா ஒரு பை நிறைய உறவோடு வந்து இறங்குகிறது. கிட்டில் உள்ள பட்டியலிலோ கேமராவின் எடை மட்டுமே பதிவாகியிருக்கும்.

4. துளை ஒன்று, வயர் பல

இச்சிக்கல் விரைவில் தீர்ந்துவிடும் என்று ஒரு காலத்தில் நம்பிக்கை இருந்தது. யூஎஸ்பியின் முதல் பதிப்பு 1996-இல் வந்தது. எப்படித் திருப்பிச் செருகினாலும் நுழையும், 24 முனைகள் கொண்ட டைப் சி வடிவத்தின் வரையறை 2014 ஆகஸ்டில் வெளியானது. ஐரோப்பிய ஒன்றியம் சட்டமே போட்டது: 2024 டிசம்பர் 28 முதல் கைபேசி உள்ளிட்ட கருவிகளுக்கும், 2026 ஏப்ரல் 28 முதல் மடிக்கணினிகளுக்கும் அதுவே பொதுத் துளை. இனி ஒரே வயர் போதும் என்று சட்டம் இயற்றியவர்கள் நினைத்திருக்கலாம். அவர்கள் நம்மவரின் சிறுபையைத் திறந்து பார்த்தவர்கள் அல்லர்.

பார்வைக்கு ஒரே அச்சில் வார்த்தவைபோல் இருக்கும் கேபிள்களில் ஒன்று மின்சாரத்தை மட்டும் கடத்தும்; கோப்பைக் கடத்தாது. இன்னொன்று கோப்பையும் கடத்தும், நிதானமாக. மூன்றாவது 60 வாட் வரை தாங்கும். நான்காவது 240 வாட் வரை தாங்கும்; அதற்காக அதன் தலைக்குள்ளேயே ஒரு சில்லு இருக்கும். இவற்றை வேறுபடுத்திக் காட்டும் எழுத்து பெரும்பாலான கேபிள்களில் இல்லை. ஆகவே நான்கையும் எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

இத்தோடு முடியவில்லை. விலை குறைந்த நெற்றி டார்ச்சுகள் சிலவற்றில் டைப் சி துளை இருக்கும். அதற்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இருக்காது. இரு முனையும் டைப் சி ஆன கேபிளைச் செருகினால் அவை சார்ஜ் ஏறாது. அவற்றுக்கென்று ஒரு முனை பழைய பாணியில் உள்ள கேபிள் வேண்டும். பெரிய இடங்களிலும் இது நேர்ந்திருக்கிறது. 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 கணினியின் முதல் வார்ப்பில், இரண்டு முனைகளுக்கு ஒரே மின்தடையைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். சில்லு வைத்த உயர்தரக் கேபிளில் அது இயங்க மறுத்தது; சாதாரணக் கேபிளில் சமர்த்தாக இயங்கியது. அடுத்த வார்ப்பில் திருத்தினார்கள். ஆனால் சாதாரணக் கேபிளையும் கைவிடக் கூடாது என்ற பாடம் நம்மவர் மனத்தில் ஆழப் பதிந்துவிட்டது.

5. அநாதைப் பொருள்கள்

தூய கொள்கைவாதிகள் சிலர் ஒரு வைஃபை டாங்கிளைத் தனியே சுமப்பார்கள். மடிக்கணினிக்குள் இருக்கும் வைஃபை சில்லு இயங்கப் பெரும்பாலும் மூலநிரல் தரப்படாத ஃபர்ம்வேர் வேண்டும். ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு வைத்த டாங்கிளுக்கு அது வேண்டாம்; அதன் ஃபர்ம்வேரே கட்டற்றது. டெபியனும் நெடுங்காலம் கட்டுள்ள ஃபர்ம்வேரைத் தன் அதிகாரபூர்வ நிறுவியில் சேர்க்காமல் இருந்தது. 2022-இல் உறுப்பினர்கள் வாக்களித்து அதை மாற்றினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் அது நிறுவியோடே வருகிறது. அன்றோடு பலருடைய டாங்கிளுக்கு வேலை போனது. பையில் அதன் இடம் மட்டும் போகவில்லை. கொள்கைக்காகவே வைத்திருப்பவரை நாம் குறைகூறவில்லை. மலைமேல் வைஃபையே இல்லை என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டுகிறோம்.

டெபியனில் இதற்கும் தீர்வு உண்டு. ஒரு பொதியை நீக்கிய பிறகு ‘ஆட்டோரிமூவ்’ என்று கட்டளையிட்டால், அதன்பொருட்டு வந்து சேர்ந்து இப்போது யாருக்கும் வேண்டாதவையாகிவிட்ட பொதிகளும் வெளியேறும். முதுகுப்பையில் அப்படியொரு கட்டளை இல்லை. கேமராவை விற்றாகிவிட்டது, அதன் சார்ஜர் இன்னமும் மலையேறிக்கொண்டிருக்கிறது.

6. நகல் கொள்கை

இதுவரை கண்டவை அறிகுறிகள். இனி நோயின் மூலத்துக்கு வருவோம்.

ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983 செப்டம்பரில் குனூ திட்டத்தை அறிவித்தார். கட்டற்ற மென்பொருளுக்கு நான்கு உரிமைகள்: இயக்கலாம், ஆராய்ந்து மாற்றலாம், நகலெடுத்துப் பிறருக்குத் தரலாம், மாற்றியதையும் தரலாம். இதன் பொருளியல் அதிசயமானது. கொடுத்தாலும் கொடுத்தவரிடம் குறையாது. எத்தனை நகல் எடுத்தாலும் செலவு ஏறத்தாழ எதுவுமில்லை. ஆகவே அந்த உலகில் மிகை என்பது குற்றமன்று, விவேகம். முக்கியமான கோப்புக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு ஊரில் என்று அங்கே ஒரு வாய்ப்பாடே உண்டு.

அந்த உலகம் நம்மவரின் சுமையைக் குறைத்ததும் உண்மை. ஸ்டீவ் கோஸ்ட் 2004-இல் தொடங்கிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை இன்று யார் வேண்டுமானாலும் தரவிறக்கிக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம். தென்னிந்தியா முழுவதையும் ஏற்றினாலும் கைபேசி ஒரு கிராம்கூடக் கூடாது. ஜிபிஎஸ் வானிலிருந்து வரும் அலையைக் கேட்பதோடு சரி, தான் எதையும் அனுப்புவதில்லை. டவர் இல்லாத காட்டிலும் இடம் காட்டும். வரைபடம், பறவைகளின் கையேடு, படிக்க நாவல் எல்லாம் எடையற்றவை ஆயின.

வினை இங்கேதான் தொடங்கியது. எல்லாம் ஒரே கைபேசிக்குள் போனதும் அக்கைபேசிமேல் அச்சம் பிறந்தது. எனவே இரண்டாம் கைபேசி. இரண்டுக்கும் ஊட்ட ஒரு பவர் பேங்க். அது மக்கர் செய்தால் என்னாவது? எனவே இன்னொன்று. இரண்டும் தீர்ந்தால்? எனவே முதுகில் விரித்துக் கட்டும் சோலார் தகடு. மரநிழலில் அது பெயருக்கும் மின்சாரம் தராது என்பது வேறு.

கணக்கும் போட்டுவிடலாம். 20,000 மில்லி ஆம்பியர் மணியை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் மணி. விரயம் போக, 5,000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி உள்ள கைபேசியை மும்முறை நிரப்பலாம். இரவில் ஏறி மறுநாள் இறங்கும் பயணத்துக்கு, கைபேசியை விமானப் பயன்முறையில் வைத்தால் ஒருமுறை நிரப்பியதே போதும். விமானத்தில் முன்னனுமதி இல்லாமல் எடுத்துச்செல்லும் 100 வாட் மணி வரம்புக்குள் இது அடங்குகிறதே என்று அவர் வாதிடுவார். வெள்ளியங்கிரிக்கு விமானம் விடவில்லை.

ஆக, இவ்வாய்வின் முடிபு இது: நகலுக்கு எடையில்லாத உலகில் பழகிய கை, நகலுக்கு எடையுள்ள உலகிலும் அதையே செய்கிறது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தோள் கட்டுகிறது.

7. ஐயமும் விடையும்

இப்பொருள்கள் என்றேனும் பயன்படும் அன்றோ எனின், படும், கொண்டுவந்தவருக்கு அன்று. இளைப்பாறும் இடத்தில் எவரோ ஒருவர், “அண்ணா, டைப் சி இருக்குங்களா?” என்று கேட்பார். அப்போது நம்மவர் முகத்தைப் பார்க்க வேண்டும். அவர் மலையேறியதே இந்தக் கேள்விக்காகத்தானோ என்று தோன்றும். ஆனால் மென்பொருளைக் கொடுத்தால் கொடுத்தவரிடமும் இருக்கும். கேபிளைக் கொடுத்தால் இருக்காது. அது திரும்பியும் வராது. அடுத்த முறை இரண்டாக எடுத்துவர இதுவே காரணமாகிவிடும்.

இவ்வளவும் இல்லாமல் மலைப்பயணம் கூடுமோ எனின், கூடும். எம்மா கேட்வுட் என்ற அமெரிக்க மூதாட்டி 1955-இல், தம் 67-ஆம் வயதில், 3,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட அப்பலாச்சியன் நெடும்பாதையைத் தனியே நடந்து முடித்தார். கூடாரமில்லை, வரைபடமில்லை, காலில் சாதாரணக் கான்வாஸ் ஷூ, தாமே தைத்த துணிப்பை, மழைக்குக் குளியலறைத் திரை. அமெரிக்கா வரை போவானேன்? நம்மவர் பெல்ட்டுகளை இறுக்கிக்கொண்டிருக்கும்போதே, மஞ்சப்பையும் தடியுமாக வெறுங்காலில் ஒரு பெரியவர் அவரைக் கடந்து மேலே போகிறார். அவருக்கு வெளிச்சம் முன்னால் போகிறவரின் டார்ச்சிலிருந்து கிடைக்கிறது. வழி, இறங்கி வருகிறவர் வாயிலிருந்து கிடைக்கிறது. வெளிச்சத்தைப் பின்னால் வருகிறவர் பயன்படுத்துவதால் முன்னால் போகிறவருக்குக் குறைவதில்லை. பகிர்வு பற்றி உரிமம் எதையும் படிக்காத அவர், அதைப் படித்தவரைவிடச் சரியாகக் கடைப்பிடிக்கிறார்.

அங்ஙனமாயின் குழுவுக்கு ஒரு பவர் பேங்க் எனப் பகிர்ந்துகொள்ளலாமே எனின், கொள்கையளவில் அனைவரும் உடன்படுவர். நடைமுறையில் ஐந்து பேரும் கொண்டுவருவர். ஓஆர்எஸ் பாக்கெட் மட்டும் யாரிடமும் இராது.

8. பரிந்துரைகள்

முதலாவது, புறப்படுவதற்கு முந்திய இரவு பையைத் தரையில் கவிழ்த்து ஒவ்வொரு பொருளிடமும் கேட்க வேண்டும்: உன்னைக் கூட்டிவந்தவர் யார், அவர் இன்னும் இந்த வீட்டில் இருக்கிறாரா? இல்லையெனில் அதற்கும் விடைகொடுக்கலாம்.

இரண்டாவது, எடையில்லாதவற்றை விரும்பிய அளவு நகலெடுக்கலாம். எடையுள்ளவற்றில், அணைந்தால் ஆபத்தாகும் டார்ச்சுக்கு மட்டும் ஒரு நகல் போதும்.

மூன்றாவது, பொருட்பட்டியலைக் கிட்டில் வைத்திருப்போர், குழுவில் எதை யார் கொண்டுவருவது என்பதையும் அதில் எழுதலாம். ஓஆர்எஸ்ஸை முதலில் எழுதுவது நலம்.

உரிமம்: இவ்வாய்வு கட்டற்றது. யாரும் படிக்கலாம், நகலெடுக்கலாம், திருத்தலாம், திருத்தியதைப் பிறருக்கும் தரலாம். எதற்கும் இருக்கட்டும் என்று அச்சிட்டுப் பையில் வைத்துக்கொள்வது மட்டும் பரிந்துரைக்கப்படவில்லை.