ஏமாறாமல் சுடுவது எப்படி?

அமெரிக்காவில் ஒரு கூட்டம், பாவம், நொந்து போயிருக்கிறது. இணையத்தில் துப்பாக்கிக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள். படத்தில் பளபளவென்று இருந்தது. சந்தை விலையில் பாதிதான் சொன்னான். கட்டினார்கள், வரவில்லை. தொலைபேசியை எடுக்க ஆளில்லை, அடுத்த வாரம் இணையதளமே இல்லை. ஆளைக் கொல்லும் கருவியை நம்பிக்கையோடு வாங்க வந்தவனுக்கே பாதுகாப்பில்லை என்றால் ஒரு நாடு எப்படி உருப்படும்?

இந்தக் கண்ணீரைத் துடைக்கவென்றே அங்கே அறிவுரைகள் மலையாகக் குவிந்திருக்கின்றன. ‘பாதுகாப்பாகத் துப்பாக்கி வாங்குவது எப்படி?’ என்பது தலைப்பு. பாதுகாப்பு என்ற சொல்லையும் துப்பாக்கி என்ற சொல்லையும் ஒரே வரியில் சண்டையில்லாமல் உட்கார வைத்த சாமர்த்தியத்துக்கே ஒரு கும்பிடு போடலாம். அந்த அறிவுரைகளைப் பாடம் பாடமாகப் பார்ப்போம்.

பாடம் ஒன்று, விலை. ஆயிரம் டாலர் துப்பாக்கியை ஐந்நூறுக்குத் தருகிறேன் என்பவன் திருடன். நம்பாதீர்கள். உயிர் மலிவாக இருக்கலாம், துப்பாக்கி மலிவாக இருக்கக் கூடாது.

பாடம் இரண்டு, பணம். கிரெடிட் கார்டு வேண்டாம், கிரிப்டோவில் போடு, பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணை அனுப்பு என்று சொன்னால் ஓடிவிடுங்கள். கார்டில் கட்டினால் வங்கியிடம் முறையிட்டுத் திரும்ப வாங்க வழியுண்டு. பரிசு அட்டையில் போனது போனதுதான். முதலில் பொருளுக்கு வாங்குவான், பிறகு காப்பீட்டுக்கு இருநூறு என்பான், அதன்பிறகு அனுப்பும் செலவு என்பான். ‘சட்டவிரோதமாகத் துப்பாக்கி வாங்கப் பார்த்தாய், போலீசில் சொல்லிவிடுவேன்’ என்று கடைசியில் மிரட்டுகிறவனும் உண்டு. வாங்க வந்தவன் உண்மையிலேயே வாங்கக் கூடாதவனாக இருந்துவிட்டால் திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். வாயைத் திறக்க முடியாது.

பாடம் மூன்று, உரிமம். துப்பாக்கி வியாபாரிக்கு மத்திய அரசின் உரிமம் வேண்டும். போலிக் கடைக்காரன் உண்மைக் கடையின் பெயரையும் எண்ணையும் திருடி ஒட்டிக்கொள்வான். கவலை வேண்டாம். ஏ.டி.எஃப். என்ற அரசு அமைப்பின் இணையப் பக்கத்தில் உரிம எண்ணின் முதல் மூன்று இலக்கங்களையும் கடைசி ஐந்தையும் போட்டால் உண்மையான பெயரும் முகவரியும் வந்துவிடும். அரை நிமிட வேலை. விற்பவன் யோக்கியனா என்று வாங்குபவன் தெரிந்துகொள்ள எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! இதை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பாடம் நான்கு, வாசலுக்கு வரும் பொட்டலம். ‘காகிதமே வேண்டாம், வீட்டுக்கே அனுப்புகிறேன்’ என்றால் அது மோசடி, இல்லையென்றால் குற்றம். வெளிமாநிலக் கடையில் இணையத்தில் வாங்கிய துப்பாக்கி உங்கள் ஊர் உரிமக் கடைக்குத்தான் வரவேண்டும், நேரில் போய்த்தான் எடுக்கவேண்டும்.

இந்த விதி வந்த கதை சுவையானது. 1963 மார்ச்சில் டல்லாஸ் தபால் பெட்டி ஒன்றிலிருந்து சிகாகோ கடைக்கு ஒரு கூப்பன் போனது. பத்திரிகை விளம்பரத்திலிருந்து வெட்டியது. தொலைநோக்கி பொருத்திய இத்தாலியத் துப்பாக்கி 19.95 டாலர், தபால் செலவு 1.50, ஆக 21.45. மணியார்டர் இணைத்திருந்தது. பெயர் ஹிடெல் என்று போட்டிருந்தது, அது மட்டும் பொய். கடைக்காரர் நாணயமானவர். காசு வாங்கினார், பொருளை அனுப்பினார். ஹிடெல் என்ற லீ ஹார்வி ஆஸ்வால்ட் அதே துப்பாக்கியால் நவம்பர் 22 அன்று ஜனாதிபதி கென்னடியைக் கொன்றார். உடனே சட்டம் வந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். 1968 ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங், ஜூனில் ராபர்ட் கென்னடி என்று இன்னும் இரண்டு பிணம் விழவேண்டியிருந்தது. அந்த அக்டோபரில்தான் தபால் துப்பாக்கிக்குத் தடை வந்தது.

சரி, உள்ளூர்க் கடைக்குப் போய்விட்டோம். அங்கே 4473 என்று ஒரு படிவம் தருவார்கள். அதிலுள்ள கேள்விகளைப் பாருங்கள். நீங்கள் தலைமறைவுக் குற்றவாளியா? ஆம், இல்லை. போதைப்பொருளுக்கு அடிமையா? ஆம், இல்லை. தலைமறைவானவன் பேனாவைக் கடித்தபடி யோசித்து, மனசாட்சி உறுத்த, ‘ஆம்’ கட்டத்தில் குறி போட்டுவிட்டுத் தலைகுனிந்து வெளியேறுவான் என்பது எதிர்பார்ப்பு. பொய் சொன்னால் குற்றம் என்று அச்சிட்டும் இருக்கிறது. அதன்பிறகு எஃப்.பி.ஐ. பின்னணியைச் சரிபார்க்கும். மூன்று வேலை நாளில் பதில் வரவில்லையா? விற்கலாம் என்கிறது மத்திய சட்டம். அரசு தூங்கினால் வாடிக்கையாளர் ஏன் காத்திருக்க வேண்டும்? 2015இல் ஓர் இளைஞனுக்கு அப்படித்தான் மூன்று நாள் கழிந்தது, கைத்துப்பாக்கி கிடைத்தது. ஜூன் 17 அன்று சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வேத வகுப்புக்கு வந்திருந்த 9 கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். அவனுக்கு விற்றிருக்கவே கூடாது என்று எஃப்.பி.ஐ. இயக்குநர் பிறகு ஒப்புக்கொண்டார். ஒப்புக்கொள்ள மூன்று நாள் கெடு ஏதும் இல்லை.

படிவம் நிரப்பச் சோம்பலா? அதற்கும் வழி உண்டு. ஒரே மாநிலத்துக்குள் ஒரு தனியாள் இன்னொரு தனியாளுக்கு விற்றால் மத்திய சட்டத்தில் சோதனை கிடையாது. சில மாநிலங்கள் தாங்களாக வைத்திருக்கின்றன, பல வைக்கவில்லை. 2012இல் விஸ்கான்சினில் ஒருவன் மனைவியை மிரட்டியதால், துப்பாக்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டிருந்தது. அவன் கடைக்குப் போகவில்லை. இணைய விளம்பரத்தில் தனியாள் ஒருவரைப் பிடித்து ரொக்கம் கொடுத்து வாங்கினான். மறுநாள் மனைவி வேலை செய்த இடத்துக்குப் போய் அவளையும் இன்னும் இரண்டு பெண்களையும் கொன்றான். மனைவியின் மகள் அந்த விளம்பர இணையதளத்தின் மீது வழக்குப் போட்டாள். அடுத்தவர் போட்ட விளம்பரத்துக்கு இணையதளம் பொறுப்பல்ல என்று 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தச் சந்தையைச் சோதிக்க அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் ஒருமுறை ஆட்களை மாறுவேடத்தில் அனுப்பியது. வாங்கத் தகுதியற்றவர்களாக நடித்து 72 தடவை இணையத்தில் கேட்டுப் பார்த்தார்கள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. பெரும்பாலோர் விற்க மறுத்துவிட்டார்கள். உள்ளதைச் சொல்லவேண்டும், இது நல்ல சேதி. மிச்சத்தில் 11 பேர் மோசடிக்காரர்கள் போலிருந்தது. அவர்களில் இரண்டு பேரிடம் அரசே பணம் கட்டி ஏமாந்தது. ஆக, தகுதியற்றவனைத் தடுத்த காவலர்களில் மோசடிக்காரனும் ஒருவன்! பொருளைத் தராததால் அவன் யாரையும் கொல்லவில்லை. இந்தச் சந்தையில் உயிர்காக்கும் தொழில் செய்பவன் அவன்தான் என்றால் சிரிப்பதா, அழுவதா?

2021இல் மட்டும் அந்த நாட்டில் துப்பாக்கியால் செத்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. ‘பொருள் வேலை செய்யவில்லை’ என்று அவர்களில் யாரும் புகார் சொல்லவில்லை.

சொல்லத்தான் எங்கே போவது? கரடி பொம்மையின் கண் கழன்று குழந்தை வாயில் போனால் விசாரிக்க, நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. பொம்மைத் துப்பாக்கியின் முனையில் ஆரஞ்சு நிறம் இருக்கவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நிஜத் துப்பாக்கி மட்டும் அந்த ஆணையத்தின் வரம்புக்குள் வராது, 1970களிலேயே விலக்கிவிட்டார்கள். உற்பத்தியாளர் மீது வழக்குப் போடலாமா? துப்பாக்கியைப் பிறர் குற்றத்துக்குப் பயன்படுத்தினால், சில விதிவிலக்குகள் தவிர, போட முடியாதபடி 2005இல் ஒரு சட்டம். குற்றத்தில் கிடைத்த துப்பாக்கியை யார் வாங்கினான் என்று கண்டுபிடிக்கலாமா? மத்தியப் பதிவேடு வைக்கவே 1986 சட்டம் தடை. மேற்கு வர்ஜீனியாவின் மார்ட்டின்ஸ்பர்க்கில் உள்ள ஏ.டி.எஃப். மையத்தில், மூடிய கடைகளின் பழைய விற்பனைக் காகிதங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்குகின்றன. படமெடுத்து வைக்கலாம், வாங்கியவன் பெயரைப் போட்டுத் தேட முடியாது. ஊழியர்கள் பக்கம் பக்கமாகப் புரட்டுகிறார்கள். மூன்றாம் பாடம் நினைவிருக்கிறதா? விற்பவன் யோக்கியனா என்று பார்க்க அரை நிமிடம். கொன்றவன் யார் என்று பார்க்க எச்சில் தொட்டுப் புரட்டு.

இனி, எல்லாப் பாடத்திலும் நூற்றுக்கு நூறு வாங்கிய ஒரு மாணவனைப் பார்ப்போம். டெக்சாஸின் யுவால்டி. 2022 மே 16, பதினெட்டு வயது நிறைந்தது. பீர் வாங்க இன்னும் மூன்று வருடம் பொறுக்கவேண்டும், ரைஃபிளுக்குப் பொறுக்க வேண்டாம். உண்மையான உற்பத்தியாளரின் உண்மையான இணையதளத்தில் சுமார் 2,000 டாலருக்கு ஏ.ஆர். ரக ரைஃபிள் ஒன்றை வாங்கினான். பேரம் இல்லை, பரிசு அட்டை இல்லை. உள்ளூர் உரிமக் கடைக்கு வந்தது. படிவம் நிரப்பினான், சரிபார்த்தார்கள், மே 20 அன்று கொடுத்தார்கள். யாரும் ஏமாற்றவில்லை, ஒரு விதியும் மீறவில்லை. இத்தனை பாதுகாப்பான விற்பனையைக் காண்பது அரிது.

மே 24 அன்று தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். ஒரு சிறுமியை அவள் போட்டிருந்த பச்சைக் காலணியை வைத்துத்தான் அடையாளம் கண்டார்கள். காலணியின் முன்முனையில் ஓர் இதயம் வரைந்து வைத்திருந்தாள்.

அந்தக் காலணி நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வரம்புக்குள் வரும். காலைக் கடித்தால் புகார் செய்யலாம்.