கண்ணனுக்கு முன்னால் வந்த சேலை

கூத்துப் பார்க்கப் போகிறவனுக்கு அந்தக் காலத்தில் பாயும் போர்வையும் தட்டி எழுப்ப ஒரு பங்காளியும் இருந்தால் போதும். எனக்கு இப்போது சோபா, ஒரு தட்டு தட்டுவடை செட், வைஃபை வேண்டும். சேலம், நாமக்கல் பக்கம் மாரியம்மன் பண்டிகையில் தெருக்கூத்து என்றால் யாராவது ஒரு பையன் செல்போனைக் கம்பத்தில் கட்டி யூடியூபில் விட்டுவிடுகிறான். முகவீணையும் மிருதங்கமும் என் ஹாலுக்கே வந்துவிடுகின்றன.

இதன் பெருமையை மனைவிக்கு விளக்கினேன். லண்டன் நேஷனல் தியேட்டர் 2009-லேயே நாடகத்தை மேடையிலிருந்து நேராக சினிமா கொட்டகைகளுக்கு அனுப்பியது. 2020 ஊரடங்கில் யூடியூபில் காசில்லாமலே காட்டியது. லண்டன் எதற்கு, ஏற்காடு ரோட்டில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் 1950-ல் எடுத்த ‘மந்திரி குமாரி’யே முதலில் கருணாநிதி எழுதிய மேடை நாடகம்தானே என்றேன்.

‘சரிங்க, மாடியில துணி காயுது. மழை வர்ற மாதிரி இருக்கு’ என்றாள்.

துகிலுரிதல் பார்த்த ராத்திரி ராசிபுரத்திலிருந்து அத்தையும் வந்திருந்தார். துச்சாதனன் முந்தானையில் கைவைத்தான். பாஞ்சாலி இரண்டு கையையும் தூக்கிக் கண்ணனைக் கூப்பிட்டாள். அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்து, ஆடித் தள்ளுபடிச் சேலை விளம்பரம்! ஒன்று எடுத்தால் ஒன்று இலவசமாம். ரிமோட் சோபா இடுக்கில். என் கையோ தட்டுவடைக் காரச் சட்னியில்.

‘கண்ணனுக்கு முன்னாடி கடைக்காரன் வந்துட்டானே மாப்பிள்ளை!’

பிறகு வழக்கம்போல் தூங்கிவிட்டேன். கூத்துக் களத்தில் தூங்குவது இழுக்கல்ல, பரம்பரை உரிமை. முக்கியமான கட்டத்தில் பக்கத்துப் பாய்க்காரன் விலாவில் இடித்து எழுப்பிவிடுவான். யூடியூபுக்கு அந்த மரியாதை தெரியாது. தன்பாட்டில் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறது. விடியற்காலையில் கண் விழித்தால் மதுரை வீரன் பொம்மியைக் கூட்டிக்கொண்டு ஓடுகிறான். பாஞ்சாலி எப்போது பொம்மியானாள் என்று கேட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை. காப்பி டம்ளரை மட்டும் நகர்த்திவைத்தார்.

களத்தில் 10 ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தால் போதும். கோமாளி மைக்கைப் பிடித்து ஊர், பேர், தகப்பனார் பேர் எல்லாம் சொல்லி வாழ்த்துவார். நான் கொடுத்தது ஒரு லைக். மரக்கட்டை அணிகளில் ஒட்டிய கண்ணாடிச் சில்லு மினுங்க, புஜத்தில் அத்தனை பாரம் கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடுகிறவருக்கு அது வெற்றிலை பாக்குக்கும் ஆகாது. மேட்டூர் பக்கம் ஏர்வாடியில் ‘மணல்வீடு’ ஹரிகிருஷ்ணன், களரி அமைப்பின் மூலம் கூத்துக் கலைஞர்களுக்கு விழா எடுக்கிறார். நேரில் போய்ப் பார்க்கலாமே என்றாள் மனைவி. என் இடுப்புதான் ஒத்துக்கொள்ளவில்லை. கையில் ரிமோட் இருக்கும் வரை அது ஒத்துக்கொள்ளாது என்பது அவள் கட்சி.

பையனின் தமிழ் வாத்தியார் வகுப்புத் திரையிலும் கூத்துப் போட்டாராம். கூத்து 8 மணி நேரம், பீரியட் 40 நிமிஷம். கணக்குப் பார்த்தால் 12 பீரியட். துரியோதனன் திரைக்குப் பின்னால் நின்று பாடி, ஆடி, முகம் காட்டுவதற்குள் மணி அடித்துவிட்டது. அவர் செய்ததுதான் சரி என்பேன். சண்டையை மட்டும் வெட்டிக் காட்டியிருந்தால் பிள்ளைகள் அதைக் குஸ்தி என்று நினைத்திருப்பார்கள். ராசா வருவதற்கு முன்னால் எவ்வளவு நேரம் காக்கவைப்பார் என்பதில்தான் பாதிக் கூத்து இருக்கிறது. கம்பத்தில் கட்டிய கேமரா அசையாமல் நிற்பதும் ஒருவகையில் நல்லதுதான். ஆட்டக்காரர் கிறுகிறுவென்று சுற்றும்போது கல்யாண வீடியோக்காரர் புகுந்து மூக்கை மட்டும் காட்டினால் காலை எங்கே போய்த் தேடுவது?

முகம் காட்டாத அந்தத் துரியோதனனைப் பையன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். திரைக்குப் படுக்கை விரிப்பு. ஒரு முனையை மனைவியும் மறுமுனையை நானும் பிடித்தோம். உள்ளே ராசா பாடுகிறார், பாடுகிறார், பாடிக்கொண்டே இருக்கிறார். இங்கே நிறுத்துவதற்குப் பொத்தான் கிடையாது. எனக்குத் தோள்பட்டை இறங்கியது.

‘தூக்கிப் பிடிங்க மாப்பிள்ளை, ராசா மூஞ்சி தெரியுது’ என்று அதட்டினார் அத்தை.

ஆட்டம் முடிந்ததும் அன்பளிப்பு 10 ரூபாய் என்னிடமே வசூலானது. சீப்பை மைக்காகப் பிடித்துக்கொண்டு, என் ஊர், என் பேர், என் தகப்பனார் பேர் எல்லாம் சொல்லி மகனே வாழ்த்தினான்.