காட்டைப் பாத்துட்டு வந்துர்றேன்: ஐப்பசி மாதப் பொழுதுபோக்கு குறித்து ஒரு முதற்கட்ட ஆய்வு

பூலாம்பாடியில் யாருக்கும் பொழுதுபோக்கு கிடையாது. இதை முதலிலேயே பதிவு செய்துவிடுகிறேன். போன ஐப்பசியில் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, நோட்டும் பேனாவுமாக டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, "உங்க பொழுதுபோக்கு என்னங்க?" என்று ஒருவரிடம் கேட்டேன். "இருக்கிற பொழுதே பத்த மாட்டேங்குது, இதுல போக்குறதுக்கு வேற எங்கப்பா போறது?" என்றார். அவர் அந்த பெஞ்சில் காலை ஆறரைக்கு உட்கார்ந்தவர். அப்போது மணி எட்டே முக்கால். இந்த இரண்டு தகவல்களுக்கும் நடுவே கிடக்கிற இடைவெளிதான் இக்கட்டுரையின் ஆய்வுக்களம்.

ஆய்வு எல்லையைச் சொல்லிவிட வேண்டும் என்பது மரபு. பெரம்பலூர் மாவட்டம், வேப்பந்தட்டை வட்டம், பூலாம்பாடி பேரூராட்சி. ஒரு பக்கம் பச்சைமலை, இன்னொரு பக்கம் எட்டிப் பிடித்தால் சேலம் மாவட்டம். 1995க்கு முந்திய பத்திரங்களில் இதே ஊர் திருச்சி மாவட்டத்தில் இருக்கும். கால எல்லை ஐப்பசி முதல் தேதியிலிருந்து கடைசித் தேதி வரை. வடகிழக்குப் பருவமழை இறங்குகிற மாதம். மக்காச்சோளத்துக்குக் களை வெட்ட வேண்டும், ஈரம் காய்வதற்குள் யூரியா போட வேண்டும், பருத்திக்கு மருந்தடிக்க வேண்டும், சின்ன வெங்காயம் அழுகாமல் தண்ணீர் வடிக்க வேண்டும். நடுவில் தீபாவளி. புரட்டாசி முழுக்க வாயைக் கட்டியவர்கள் கறிக்கடை வாசலில் வரிசை கட்டுவதும் இந்த மாதத்தில்தான். சோலி தலைக்கு மேல் கிடக்கிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள்; பொய்யில்லை. ஆனால் ஊரில் வருஷம் முழுக்க நடக்கிற பொழுதுபோக்கில் பெரும்பகுதி இந்த ஒரு மாதத்தில்தான் நடக்கிறது என்பது என் கருதுகோள். பங்குனி, சித்திரையில் சோலி இருக்காது. ஆகவே சும்மா உட்கார்ந்திருப்பது சும்மா உட்கார்ந்திருப்பதாகவே தெரிந்துவிடும். ஐப்பசியில் அது தெரியாது. அதை மறைக்க ஒரு வாக்கியம் இருக்கிறது.

"காட்டைப் பாத்துட்டு வந்துர்றேன்."

சென்னை வாசகர்கள் பதற வேண்டாம். எங்கள் பக்கத்தில் காடு என்றால் மானாவாரி நிலம். அதில் புலி இருக்காது, படைப்புழு இருக்கும். இனி இலக்கணம். இந்த வாக்கியத்தில் "போகிறேன்" என்ற சொல்லே இல்லை என்பதைக் கவனிக்கவும். போவது மறைபொருள், வருவது மட்டுமே வெளிப்படை. வருவதற்கும் நேரம் சொல்லப்படவில்லை. "பாத்துட்டு" என்பது காட்டைப் பார்த்து முடித்ததைக் குறிக்குமே தவிர, அதற்கு முன்னும் பின்னும் எதையெதைப் பார்க்கலாம் என்பதற்குத் தடை விதிக்கவில்லை. ஒரு வக்கீலை வைத்து எழுதினாலும் இவ்வளவு ஓட்டையோடு ஒரு உறுதிமொழி எழுத முடியாது.

வாக்கியத்துக்குத் துணைக்கருவி ஒன்று உண்டு: மம்பட்டி. தோளில் மம்பட்டி இருக்கிற ஆளை யாரும் "எங்க போற?" என்று கேட்பதில்லை. அதைச் சுவரில் சாய்த்துவிட்டு அரை நாள் தாயம் ஆடலாம். சாய்ந்திருக்கும் வரை அவர் வேலைக்கு நடுவில் இருக்கிறார் என்றே கணக்கு. டீக்கடை வேப்பமரத்தடியில் ஒரு காலையில் ஏழு மம்பட்டிகள் சாய்ந்திருக்கக் கண்டேன். ஏழிலும் போன வாரத்து மண் காய்ந்திருந்தது.

ஆய்வுக் கட்டுரை என்றால் வெளிநாட்டு அறிஞர் இரண்டு பேரையாவது இழுத்து வர வேண்டும். அந்தக் கடமையையும் முடித்துவிடுகிறேன். அமெரிக்காவின் தார்ஸ்டைன் வெப்ளன் 1899இல், வசதியுள்ளவர்கள் தங்கள் ஓய்வை ஊரறியக் காட்டிக்கொள்வார்கள் என்று எழுதினார். பூலாம்பாடிக்கு இது தலைகீழாகத்தான் பொருந்தும். இங்கே ஊரறியக் காட்ட வேண்டியது வேலையை. ஓய்வு வீட்டுக்குத் தெரியக் கூடாது. இரண்டாமவர் பார்க்கின்சன். கிடைக்கிற நேரம் தீரும் வரை வேலை நீண்டுகொண்டே போகும் என்ற அவருடைய விதி 1955 நவம்பர் 19இல் லண்டன் எக்கனாமிஸ்ட் இதழில் வந்தது. அப்போது அவர் சிங்கப்பூரில் சரித்திரப் பேராசிரியராக இருந்தார். எங்கள் ஊர்க்காரர்கள் பிழைக்கப் போகிற ஊர் சிங்கப்பூர். அவர் யாரைப் பார்த்து எழுதினார் என்பதற்கு ஆதாரம் இல்லை; சந்தேகம் எனக்கு உண்டு. வெளியான தேதிதான் உறுத்துகிறது. நவம்பர் 19 என்பது கார்த்திகை பிறந்து சில நாள். ஐப்பசியை மயிரிழையில் தவறவிட்டிருக்கிறார்.

இனி களப்பணி. ஒரு புதன்கிழமை மத்தியானம் நாலு மணிக்கு என் பெரியப்பா அந்த வாக்கியத்தைச் சொன்னார். பெரியம்மா அடுப்பைவிட்டுத் திரும்பவில்லை. நான் நோட்டோடு பின்னால் கிளம்பினேன். வீட்டிலிருந்து காடு ஒன்றே கால் கிலோமீட்டர்.

முதல் நிறுத்தம் குழாய்க்குத் தோண்டிய ஒரு பள்ளம். ஏற்கெனவே மூன்று பேர் நின்றிருந்தார்கள். உள்ளே ஒருவர் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். நின்ற மூவரில் ஒருவர் பள்ளம் ஆழம் பத்தாது என்றார். இன்னொருவர் ஆழம் அதிகம் என்றார். பெரியப்பா பள்ளமே தப்பான இடத்தில் இருக்கிறது என்றார். தோண்டியவர் யாருக்கும் பதில் சொல்லவில்லை. அவர் ஒருவருக்குத்தான் அங்கே வேலை இருந்தது.

இரண்டாவது நிறுத்தம் டீக்கடை. விவாதப் பொருள், இன்று மழை வருமா. ஒரு பையன் செல்போனில் மேகப்படத்தை விரித்து, நீலமும் பச்சையுமாக ஒரு புள்ளியைக் காட்டி, ராத்திரி எட்டு மணிக்கு என்றான். ஒரு பெரியவர் போனைப் பார்க்காமல், தும்பி தாழப் பறக்குது, இன்னும் ஒரு மணி நேரம் என்றார். கடைசியில் மழை ஆறு மணிக்கு வந்தது. இரண்டு கட்சியும் தாங்கள் சொன்னதுதான் நடந்தது என்று ஏற்றுக்கொண்டார்கள். என் நோட்டின் முதல் பன்னிரண்டு பக்கங்கள் அந்த மழையில்தான் போயின. ஆகவே தாயம், வெங்காய விலை, யார் வீட்டுக்கு ஏசி வந்தது ஆகிய மூன்று தலைப்புகளில் தரவு இல்லாமைக்கு வருந்துகிறேன்.

காடு வந்தது. பெரியப்பா வரப்பில் நின்றார். பாதி ஆவணியில் விதைத்தது, கதிர் பால் பிடிக்கிற பருவம். மீதி மழை பார்த்துப் புரட்டாசியில் விதைத்தது. பின்விதைப்பில் நான்கு செடிகளின் குருத்தை விரித்துப் பார்த்தார். உள்ளே மரத்தூள் மாதிரி எச்சம் கிடந்தால் படைப்புழு இருக்கிறது என்று அர்த்தம். 2018இல் முதல்முதலாக வந்த இந்தப் புழு அந்த வருஷம் பெரம்பலூர் மக்காச்சோளத்தைச் சல்லடையாக்கிவிட்டது. அதிலிருந்து குருத்து பார்ப்பது உண்மையான வேலைதான். மூன்று செடியில் ஒன்றுமில்லை. நாலாவதில் ஒரு புழு. அதை நகத்தால் எடுத்துச் செருப்பில் வைத்துத் தேய்த்தார். ஆக ஆறு நிமிடம்.

வந்த வழியே திரும்புவது அவர் மரபில் இல்லை. வேறு வழியாக, வேறு ஆட்களோடு, வேறு டீக்கடை வழியாக, ஏழே காலுக்கு வீடு வந்தோம். பெரியம்மா நிமிர்ந்து பார்த்து, "காடு அங்கயேதான் இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு. யூரியா போடணும்."

மூன்றேகால் மணி நேரக் களப்பணியின் முடிவு இந்த மூன்று சொற்கள்.

சனிக்கிழமைகளில் இதன் விரிந்த வடிவம் உண்டு. சேலம் மாவட்டத்தில் இருக்கிற பக்கத்து வீரகனூர் சந்தைக்கு ஆடு பார்க்கப் போவது. வாங்குகிறவர்கள் வாங்கட்டும், பார்க்கப் போகிறவர்கள் ஒரு தனி ஜாதி. வியாபாரிகள் துண்டுக்கடியில் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசும்போது, அந்தத் துண்டையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒன்றும் தெரியாது. திரும்பி வந்து, "கெடா விலை ஏறிப்போச்சு" என்பார்கள்.

பெண்கள் பக்கத்துக்கு வருவோம். அவர்களுக்கும் ஒரு வாக்கியம் உண்டு: "பதம் பாத்துட்டு வந்துர்றேன்." தீபாவளிக்கு முந்தைய வாரம் தெருவில் ஏதாவது ஒரு வீட்டில் அதிரசத்துக்குப் பாகு கொதித்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டுக்காரிக்குப் பதம் தெரியாமல் இல்லை; இருந்தாலும் பெரியம்மாவுக்கு ஆள் வரும். பகல் முழுக்கக் களை வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு கிளம்புவார். கிண்ணத்துத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாகை விட்டு, விரலால் கூட்டினால் நெகிழ்வாக உருண்டு வர வேண்டும். உருளாமல் கரைந்தால் அதிரசம் எண்ணெயில் பிரியும்; ஒரு கொதி கூடிவிட்டால் பல்லை உடைக்கும். அந்தச் சரியான நொடியைப் பெரியம்மா தவறவிட்டதில்லை. "எறக்கு" என்பார். இறக்கியாயிற்று. அப்புறம் அந்த வீட்டிலிருந்து அவர் எழுந்திருக்க ஒன்றரை மணி நேரம். தையல்காரரிடம் கொடுத்த ஜாக்கெட் தைத்தாயிற்றா என்று கேட்கப் போவதும் இந்த வகையே. தைத்திருக்காது என்று தெரிந்தே போவது. ஒப்பிட்டுப் பார்த்ததில் என் தீர்ப்பு பெண்கள் பக்கம்தான். அவர்களுடைய பொழுதுபோக்கின் முடிவில் ஒரு தூக்கு அதிரசம் கிடைக்கிறது. ஆண்கள் கொண்டுவருவது யூரியா போடணும் என்கிற சேதி.

பிள்ளைகளுக்கு மழை விடுமுறை. அதை அறிவிக்கிறவர் கலெக்டர். ஆகவே மாதம் முழுக்க ஊரில் அதிகம் உச்சரிக்கப்படும் பதவி அது. மேகத்துக்கு மாவட்ட எல்லை தெரியாது, விடுமுறைக்குத் தெரியும். சேலத்துக்கு லீவு விட்டு பெரம்பலூருக்கு விடாத காலைகளில், வீரகனூரில் சொந்தக்காரப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் கேட்கும் புலம்பலை நான் பதிவு செய்யவில்லை. கல் நெஞ்சு வேண்டும் அதற்கு.

கடைசியாக இரவுப் பகுதி. இதற்குத் தொல்காப்பியத்தை எடுக்காமல் முடியாது. மலைசார்ந்த குறிஞ்சிக்கு உரிய பெரும்பொழுது கூதிர், சிறுபொழுது யாமம். கூதிர் என்றால் ஐப்பசியும் கார்த்திகையும். அந்நிலத்துத் தொழில்களில் ஒன்று தினைப்புனம் காப்பது. பச்சைமலை அடிவாரம், ஐப்பசி, நடுராத்திரி, காட்டுப்பன்றிக்குப் பயந்து காவல்: இலக்கணம் ஒரு இம்மி பிசகவில்லை. தினை போய் மக்காச்சோளம் வந்திருக்கிறது, அதுவும் நாமக்கல் கோழிகளுக்குத் தீவனமாகப் போகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பரணுக்குப் பதில் கயிற்றுக் கட்டில், தீப்பந்தத்துக்குப் பதில் டார்ச் லைட்.

பெரியப்பாவோடு ஒரு ராத்திரி காவலுக்குப் போனேன். பன்றி வராமலிருக்கக் காட்டைச் சுற்றிலும் பழைய சேலைகளைக் கட்டியிருந்தார். சேலை ஆடினால் ஆள் நடமாட்டம் என்று பன்றி நினைத்துக்கொள்ளுமாம். பெரியப்பா டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இது பெரியவன் பிறந்தப்ப எடுத்தது, இது ஆத்தூரில் எடுத்தது, சாயம் போய்விட்டது என்று உங்க பெரியம்மா ஒரு வாரம் பேசவில்லை, இது எங்க கல்யாணத்துக்கு மறுவருஷம். வீட்டில் பெரியம்மாவிடம் நாலு சொல்லுக்கு மேல் பேசி நான் பார்த்திராத மனுஷன், இருட்டில் அவருடைய சேலைகளுக்கு மட்டும் முக்கால் மணி நேரம் உரை எழுதினார்.

பத்து மணிக்கு மலேசியாவிலிருந்து பெரியவன் வீடியோவில் வந்தான். அங்கே நம்மைவிட இரண்டரை மணி நேரம் முந்தி, பன்னிரண்டரை. அவன் ஷிப்ட் முடிந்திருந்தது. பெரியப்பா போனைத் திருப்பி இருட்டைக் காட்டினார். "அது அம்மாவோட ஊதா சேலையாப்பா?" என்றான். குறிஞ்சி நிலத்தில் நின்றுகொண்டு பிரிவைப் பேசினால் அது திணைமயக்கம். இலக்கணத்தில் இடம் உண்டு. பெரியப்பாவும் அவனும் பதினொன்றரை வரை பேசினார்கள். காட்டைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

காலையில் பார்த்தபோது, பன்றி மேற்கு ஓரத்துச் சேலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இறங்கி, பால் பிடித்த கதிராகப் பார்த்துத் தின்று, மிச்சத்தில் படுத்துப் புரண்டு போயிருந்தது. நாங்கள் கிழக்கு ஓரத்தில் இருந்திருக்கிறோம். வீட்டில் "காடு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டதற்கு, "யூரியா போடணும்" என்று சொல்லியிருக்கிறோம். வாசகர்கள் யாராவது பூலாம்பாடிப் பக்கம் போனால், தயவுசெய்து பெரியம்மாவிடம் எதையும் உளறிவிட வேண்டாம்.